கோத்தகிரியில் பிளான் வரைகிறேன், எம்.பிளான் படிக்கப் போகலாமா?

பச்சைத்தேயிலை (கோத்தகிரி), ஞாயிறு இரவு 9.40

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் பி.இ. சிவில் முடித்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது ஊரிலேயே ஒரு இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைகிறேன். வீடு, காட்டேஜ், அப்புறம் இன்னொரு காட்டேஜ். போன மாதம் வந்த ஒரு வேலைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். பார்ட்டி பத்திரத்தையும் புல வரைபடத்தையும் வாட்ஸப்பில் அனுப்பினார். 11 சென்ட். ஆட்டோகேடில் எல்லைக் கோட்டைப் போட்டு, நடுவில் கட்டடத்தை உட்கார வைத்து, நான்கு பக்கமும் இடம் விட்டு, ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் இடத்தைப் பார்க்கப் போனால் நிற்கவே முடியவில்லை. ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிளானை விரித்தேன். நான் ‘வாசல்’ என்று எழுதிய இடம் என் தலைக்கு மேலே இருந்தது. ‘செப்டிக் டேங்க்’ என்று எழுதிய இடம் கீழ்வீட்டுக்காரரின் அடுப்படிக்கு நேர் மேலே.

ஆபீசில் சொன்னேன். “மண்ணை வெட்டிச் சமப்படுத்திக்கொள்வார்கள், நீ பிளானைக் கொடு” என்றார்கள். கொடுத்துவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை.

வீடு வீடாக வரைவதைவிட ஊரை மொத்தமாகப் பார்க்கிற படிப்பு ஒன்று உண்டு என்று கல்லூரியில் ஒரு மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. எம்.பிளான், அதாவது நகர ஊரமைப்பு முதுகலை. சிவில் படித்தவர்களைச் சேர்ப்பார்களா? என்ன பரீட்சை? மலைக்காரிக்கு அது பயன்படுமா? அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம ஊரை வரையப் போறியா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மஞ்சவண்டி (குன்னூர்), ஞாயிறு இரவு 10.05

நான் ஜேசிபி வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் அனுமதி இல்லாமல் இங்கே வண்டியை இறக்க முடியாது. இருக்கிற பிழைப்பே அரைப் பிழைப்பு. நீங்களெல்லாம் படித்துவிட்டு வந்து “இங்கே வெட்டாதே, அங்கே வெட்டாதே” என்றால் வண்டிக்குத் தவணை யார் கட்டுவது? படிக்க வேண்டாம் தங்கச்சி. கல்யாணம் செய்துகொள்.

(சும்மா சொன்னேன். படி.)

சாய்வுமானி (குன்னூர், இப்போது சென்னை), திங்கள் காலை 7.15

அந்த செப்டிக் டேங்க்கைப் பார்த்து மனசு சரியில்லாமல் போனதே, பாதிப் படிப்பு அங்கேயே முடிந்தது. நான் சென்னையில் இதைப் படித்து முடித்து 14 வருடம் ஆகிறது. ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் வேலை.

சிவில் தாராளமாகச் சேரலாம். இது ஆர்க்கிடெக்டுகளுக்கு மட்டுமான படிப்பு என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது, அது தப்பு. என் வகுப்பில் பாதிப் பேர் ஆர்க்கிடெக்டுகள், மற்றவர்கள் சிவில். புவியியல் முதுகலை ஒருவர், பொருளாதாரம் ஒருவர். சர்வே என்று வெளியே போனால் அந்தப் பொருளாதாரக்காரர்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கேள்வி கேட்பார். டீக்கடையில் போய் “பிளான் வரைய வந்திருக்கிறோம்” என்று சொல்ல மாட்டார். “பால் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது” என்று ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் ரோடு, பஸ், வாடகை, தண்ணீர் எல்லாம் வந்துவிடும்.

4 செமஸ்டர். கோட்பாடு, புள்ளியியல், மக்கள்தொகை, போக்குவரத்து, வீட்டுவசதி, சட்டம், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாள்வது) என்று பாடங்கள். கடைசி செமஸ்டர் முழுக்க ஆய்வேடு. ஆனால் உயிரை வாங்குவது ஸ்டூடியோதான். ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, கட்டடம் கட்டடமாக நடந்து, எது எதற்குப் பயன்படுகிறது என்று நிறம் தீட்ட வேண்டும். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பொது உபயோகம் சிவப்பு, பூங்காவும் மைதானமும் பச்சை.

நான் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் ஸ்டூடியோவுக்குக் குன்னூரை எடுக்க வைத்தேன். மேல் ரோட்டில் என் தோழி, கீழ் ரோட்டில் நான். அவள் ஒரு கட்டடத்தை ‘ஒரு தளம், வீடு, மஞ்சள்’ என்று குறித்தாள். நான் ஒன்றை ‘மூன்று தளம், கடை, நீலம்’ என்று குறித்தேன். ராத்திரி லாட்ஜில் இரண்டு தாளையும் ஒட்டும்போதுதான் இரண்டும் ஒரே கட்டடம் என்று தெரிந்தது. கீழே மளிகைக்கடை, நடுவில் உருளைக்கிழங்கு குடோன், உச்சியில் வீடு. என்ன நிறம் தீட்டுவது? நீலகிரியில் காலங்காலமாகப் பேசப்படும் 7 மீட்டர் உயர வரம்பை இந்தக் கட்டடத்தில் எந்த ரோட்டிலிருந்து அளப்பது? எங்கள் பேராசிரியரிடமே பதில் இல்லை. சமவெளி ஊர்களை வைத்து உண்டான பாடம் அது. போதாக்குறைக்கு மழையில் தாள் நனைந்து மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகிவிட்டது. மார்க்கெட் பக்கத்தில் எங்கள் புண்ணியத்தில் ஒரு பூங்கா முளைத்தது.

பயன்படுமா என்று கேட்டாய். பயன்படும். ஆனால் மலையை அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதை நீதான் இங்கிருந்து கொண்டுபோக வேண்டும்.

கொடைக்காரி (கொடைக்கானல், வடக்கே படிக்கிறேன்), திங்கள் இரவு 11.50

இரண்டாம் செமஸ்டரில் இருக்கிறேன். நாளை ஜூரி (வரைந்ததைக் காட்டிப் பதில் சொல்லும் தேர்வு), இன்னும் ஷீட் முடியவில்லை, ஆனாலும் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பரீட்சை விஷயம். தமிழ்நாட்டுக்குள் படிக்க அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. நுழைவுத் தேர்வு. 2023 முதல் எம்.இ., எம்.ஆர்க்., எம்.பிளான் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன, டான்செட் தேர்வு எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. வெளி மாநிலம் போக கேட் என்ற அகில இந்தியத் தேர்வு. அதில் ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்’ தாள் 3 மணி நேரம், 100 மதிப்பெண். பொதுத் திறன் 15, எல்லோருக்கும் பொதுவான பகுதி 60, கடைசி 25-க்கு ஆர்க்கிடெக்சரா பிளானிங்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சில இடங்களில் சிவில் தாள் மதிப்பெண்ணையும் எடுத்துக்கொள்வார்கள், ஒவ்வொரு கல்லூரியின் கையேட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மதிப்பெண் 3 வருடம் செல்லும். கேட் வழியாக அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். என் அம்மாவிடம் வேலை செய்தது.

டெல்லி எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி) பழசு, 1955-இல் நகர் ஊரமைப்புப் பள்ளியாகத் தொடங்கியது. போபாலும் விஜயவாடாவும் 2008-இல் வந்தவை. கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளிலும் உண்டு. ஆமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம்.

இனி என் மானம் போன கதை. முதல் செமஸ்டரில் ஒரு மலைக் கிராமத்துக்குச் சரிவு வரைபடம் போட்டேன். கியூஜிஐஎஸ் மென்பொருள் சரிவை டிகிரியில் தரும். நான் சதவீதம் என்று நினைத்துக்கொண்டேன். 30 சதவீதம் வரை கட்டலாம் என்று நானே ஒரு வரம்பு வைத்து, பள்ளிக்கூடம், சந்தை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் வைத்தேன். 30 சதவீதம் என்றால் 17 டிகிரிகூட இல்லை. 30 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 58 சதவீதம். ஜூரிக்கு வந்தவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, “இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கயிறு பிடித்து ஏறுவார்களா?” என்று கேட்டார். கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள் நான்! கால்களுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி), செவ்வாய் இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. 12,400-ஐ அம்மாவிடம் சொன்னேன். “ஹாஸ்டல் சாப்பாடு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சவண்டி அண்ணா, கல்யாணம் செய்துகொண்டும் படிக்கலாமாம்.

செயின்மேன் (ஊட்டி), புதன் காலை 6.00

நில அளவைத் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். செயின் இழுத்த காலத்திலிருந்து பார்த்துவிட்டேன், அதனால் இந்தப் பெயர்.

மகளே, படிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் படித்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு திட்ட வரைவுக்காக லேப்டாப்போடு நான்கு பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். வரைபடத்தைக் காட்டினார்கள். “இங்கே ஒரு ஓடை இருக்க வேண்டுமே, காணோமே” என்றேன். செயற்கைக்கோள் படத்தில் இல்லை என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன். உண்ணிச்செடி மூடிக் கிடந்தது, ஏப்ரல் மாதம், சொட்டுத் தண்ணீர் இல்லை. செடியை விலக்கிக் காட்டினேன். உள்ளே ஆள் ஆழத்துக்குப் பள்ளம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். தண்ணீர் போகும் வழி அடைபட்டால் மண்தான் கிளம்பி வரும்.

நீ பிளானுக்கு எடுத்த புல வரைபடத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது, கிடைமட்ட அளவு மட்டும்தான். அது உன் தப்பு இல்லை. சரி, மேடுபள்ளம் காட்டும் டோப்போ ஷீட்டை எடுப்போம். 50,000-க்கு 1. ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். உன் 11 சென்ட் அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது, பென்சில் முனை பட்டாலே மறைந்துவிடும். கான்டூர், அதாவது சம உயரக் கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் உயர வித்தியாசம். 15 மீட்டருக்கு மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தாலும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அது ஒளிந்துகொள்ளும்.

படுகர்களின் ஊரான ஹட்டி ஒன்றைப் போய் உட்கார்ந்து பார். வீடுகள் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, முன்னால் பொதுவான வாசல். ஒரு வரிசைக்கே ஒரு தளம்தான் சமப்படுத்தியிருப்பார்கள். இப்போது காட்டேஜுக்கு ஒரு வெட்டு, அதன் பார்க்கிங்குக்கு ஒரு வெட்டு, அங்கே போகிற ரோட்டுக்கு ஒரு வெட்டு.

மஞ்சவண்டி (குன்னூர்), புதன் காலை 8.30

ஐயா சொல்வது சரிதான், ஆனால் வெட்டினவன் மேல் மட்டும் பழி போடாதீர்கள். நான் வெட்டின இடத்தில் இரண்டு வருடம் முன்பு ஒரு தடுப்புச் சுவர் விழுந்தது. போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு வீப் ஹோல் கிடையாது. தண்ணீர் வடிய ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய் வைத்தால் ஆயிற்று. “வெளியே பார்க்க அசிங்கமாக இருக்கும்” என்று வீட்டுக்காரர் வேண்டாம் என்றாராம். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மண் ஊறி, சுவரைத் தள்ளிவிட்டது. எம்.பிளானில் வீப் ஹோல் சொல்லித் தருவார்களா?

சாய்வுமானி (குன்னூர், இப்போது சென்னை), புதன் மதியம் 1.10

மாட்டார்கள். அது சிவில் பாடம். ஆனால் சுவரே தேவைப்படாத இடத்தில் வீட்டை வைக்கச் சொல்லித் தர வேண்டியது பிளானிங். அந்த இடத்தில்தான் நாங்கள் கோட்டை விடுகிறோம், ஐயா சொன்ன ஓடையையும் சேர்த்து.

பாட்ரிக் கெடிஸ் என்று ஒருவரை முதல் வாரத்திலேயே படிப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியல் படித்தவர், 1914-இல் இந்தியா வந்து ஊர் ஊராக நடந்து அறிக்கை எழுதியவர். திட்டம் போடும் முன் ஊரைப் படி என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் வரைந்த ‘பள்ளத்தாக்கு வெட்டுமுகம்’ மலை உச்சியில் தொடங்கி, காடு, மேய்ச்சல், வயல், ஊர், கடல் என்று இறங்கும். எனக்கு அதைப் பார்த்ததும் பவானிதான் ஞாபகம் வந்தது. நம் மலையில் பெய்வது பில்லூர் அணையில் நின்று கோவைக்குக் குழாயில் போகிறது. கோவைக்குத் திட்டம் போடுபவர் பில்லூருக்கு மேலே என்ன நடக்கிறது என்று கேட்டதாக நான் பார்த்ததில்லை. கெடிஸ் படம் மட்டும் எல்லோருடைய முதல் ஷீட்டிலும் இருக்கும்.

கூடலூரான் (கூடலூர்), புதன் இரவு 9.00

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கலாமா?

எங்கள் பக்கம் ஜன்மம் நிலம், பழைய ஜமீன் போன்ற உடைமை. 1969-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது, அதில் பிரிவு 17 நிலம் என்று ஒன்று, உரிமை தீராமல் கிடக்கும் நிலம். எங்கள் அப்பா பிறந்த வீடு அதில் இருக்கிறது. இன்றுவரை பட்டா இல்லை. ஒரு முறை ஒரு ஆபீசில் வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர் முழுக்க ஒரே பச்சை. கோயில் இல்லை, ரேஷன் கடை இல்லை, நாங்கள் இல்லை. அந்தப் பச்சையைத் தீட்டியவரும் உங்களைப் போல முதுகலை படித்தவராகத்தான் இருப்பார்.

2024 ஜூலையில் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோது ராத்திரி முழுக்க நாங்கள் தூங்கவில்லை. வயநாடு எங்களுக்கு அடுத்த வீடு. ஆபத்தான சரிவில் இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோம். ஆனால் முதலில் நாங்கள் இருக்கிறோம் என்று எழுத வேண்டும் அல்லவா? வரைபடத்தில் இல்லாதவனை எப்படி மாற்றி அமர்த்துவீர்கள்?

சாய்வுமானி (குன்னூர், இப்போது சென்னை), புதன் இரவு 10.45

அண்ணா, இதற்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான். அந்தப் பச்சையை நானும் தீட்டியிருக்கிறேன். உங்கள் ஊரில் இல்லை, வேறு இடத்தில். வருவாய்ப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதையே வண்ணமாக மாற்றினோம். மூன்று வாரத்தில் தர வேண்டும் என்றார்கள், நேரில் போகவில்லை. வகுப்பில் ‘ஆய்வுக்குப் பிறகே திட்டம்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் அதைச் செய்தேன்.

கூடலூரான் (கூடலூர்), புதன் இரவு 10.58

ஒப்புக்கொண்டதற்கு நன்றி தம்பி. அடுத்த முறை வந்து பாருங்கள். சோறு போடுகிறேன்.

கொடைக்காரி (கொடைக்கானல், வடக்கே படிக்கிறேன்), வியாழன் இரவு 12.30

ஜூரி முடிந்தது. உயிரோடு இருக்கிறேன்.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். 2011 கணக்குப்படி கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர். குடிநீர்த் திட்டம் என்றால் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று பெருக்கச் சொல்வார்கள். ஆனால் 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பே கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. வண்டிக்கு 4 பேர் என்றாலும் 24,000 பேர். ஊரில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மேலே ஏறுகிறது. அவர்கள் குளிக்கும் தண்ணீர் எந்தப் பெருக்கலில் வரும்? என் ஆய்வேட்டுக்கு இதைத்தான் எடுக்கலாம் என்று இருக்கிறேன். நீலகிரிக்கு 6,000, 8,000 என்று வைத்தார்கள். பச்சைத்தேயிலை, நீங்கள் சேர்ந்தால் அதை எடுங்கள், இரண்டையும் ஒப்பிடலாம்.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி), வியாழன் இரவு 9.15

வேலை கிடைக்குமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அம்மாவின் அடுத்த கேள்வி அதுதான்.

சாய்வுமானி (குன்னூர், இப்போது சென்னை), வியாழன் இரவு 10.00

தேவை இருக்கிறது. 2021-இல் நிதி ஆயோக் ஒரு அறிக்கை வெளியிட்டது. நாட்டில் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகள், அவற்றில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை. மாநிலத் துறைகளில் ஒப்புதல் பெற்ற நகரத் திட்ட வல்லுநர் பணியிடம் 3,945, அதிலும் 42 சதவீதம் காலி. இதைப் பார்த்துவிட்டு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதே. காலியாக இருப்பது வேறு, நிரப்புவது வேறு. நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான் போக வேண்டும், அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் தனியார் ஆலோசனை நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.க்காரர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும். ஜிஐஎஸ் நன்றாகத் தெரிந்தால் வேலையில்லாமல் இருக்க மாட்டாய். மலையில் உட்கார்ந்து சொந்தமாகச் செய்யவும் வழி உண்டு. முழுமைத் திட்டம், 1990-இல் வந்த ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்), மனைப்பிரிவு, நில உபயோக மாற்றம், இவற்றை ஒழுங்காகப் படித்துச் சொல்ல இங்கே ஆள் குறைவு. ஆனால் அந்த வேலையில் “சமப்படுத்திக்கொள்வார்கள், நீ கொடு” என்பதைத்தான் தினமும் கேட்பாய்.

செயின்மேன் (ஊட்டி), வெள்ளி காலை 6.10

கேட்டுக்கு விண்ணப்பிப்பது இருக்கட்டும் மகளே. முதலில் அந்த 11 சென்ட்டின் சரிவை அளந்து வா. கருவி வேண்டாம். கொத்தனாரிடம் டியூப் இருக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அதுதான். குமிழி இல்லாமல் நிரப்பு. இரண்டு குச்சி, ஒரு நாடா, கூட ஒரு ஆள். மேலே ஒருவர், கீழே ஒருவர், தண்ணீர் மட்டத்தைக் குச்சியில் குறித்துக் கழி. ஒரே தாவலில் முடியாது, படிப்படியாக இறங்கு.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி), ஞாயிறு மாலை 5.30

அளந்துவிட்டேன். அம்மாதான் கூட வந்தார்! கீழே நின்றது அவர். “தண்ணி ஆடுது, பொறு, பொறு” என்று ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தினார், அதனால் கணக்கு சரியாக இருக்கும். 4 மீட்டர் வீதம் 3 முறை இறங்கினோம். மொத்தம் 12 மீட்டருக்கு 5.4 மீட்டர் இறக்கம். 45 சதவீதம், டிகிரியில் 24. நாளை ஆபீசில் காட்டப் போகிறேன். கீழ்வீட்டு அக்காவையும் பார்த்தோம், டீ கொடுத்தார், செப்டிக் டேங்க் பற்றி அவருக்கு யாரும் சொல்லவே இல்லையாம்.

செயின்மேன் (ஊட்டி), ஞாயிறு மாலை 6.05

நல்லது. நாடாவைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடித்தாயா, தரையோடு போட்டாயா?

பச்சைத்தேயிலை (கோத்தகிரி), ஞாயிறு மாலை 6.20

தரையோடு, ஐயா.

செயின்மேன் (ஊட்டி), ஞாயிறு மாலை 6.31

அப்படியென்றால் கிடைத் தூரம் 10.7 மீட்டர்தான். 50 சதவீதம், கிட்டத்தட்ட 27 டிகிரி. ஆபீசுக்கு இதைக் கொண்டுபோ.